மூச்சுப் பயிற்சி நடந்த மூன்று நாள்

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாமுங்க என்பார். மறுபடி கேட்டாலும் வேண்டாமுங்கதான். மூன்றாம் தடவை கேட்காமலே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்காகச் சொல்வது. அதை மெய்யென்று எடுத்துக்கொண்டால், "போன எடத்துல ஒரு வாய் காப்பி குடுக்கலை" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சூலூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த வேலை என் சாமர்த்தியத்தால் கிடைத்ததல்ல. அப்பா அதே மில்லில் கார்டிங்கில் இருந்தவர். பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் இடம் அது; தூசி மழை மாதிரி விழும். அப்பா போன பிறகு, அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் அறை வாசலில் ஒரு வாரம் நின்றார். "டைப் பரீச்சை பாஸ் பண்ணீருக்குதுங்க, நல்ல புள்ளைங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். சொந்தம் எதுவும் இல்லாவிட்டாலும் அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் அவருக்கு நான் கண்ணு. ஆபீசில் அம்மணி, அதுவும் வாங்க போங்க மரியாதையோடு.

அந்த வருடம் நிர்வாகத்துக்குத் திடீரென்று எங்கள் மேல் அக்கறை வந்தது. தொழிலாளிகளின் மன அழுத்தத்தைக் குறைத்தால் உடம்பும் நன்றாக இருக்கும், உற்பத்தியும் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மன அழுத்தம் என்ற வார்த்தையையே நான் அந்தச் சர்க்குலரில்தான் முதன்முதலாக டைப் அடித்தேன். அதற்கு முன்னால் எங்களிடம் டென்சன் இருந்தது. அதற்கும் முன்னால் வெறும் ரோசனை. "ஒரே ரோசனையா இருக்குதுங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

மெட்ராஸிலிருந்து பயிற்சியாளர் வருவார், மூன்று நாள் வகுப்பு, அந்த நேரமும் டியூட்டியாகவே சேரும் என்றார்கள். ஆபீசுக்கு மேலே புதிதாகக் கட்டிய ஹாலில் ஜமுக்காளம் விரித்து உட்கார வேண்டும். பதினோரு மணிக்கு வடையும் டீயும். முதல் வகுப்புக்கு இருபத்தைந்து பேர். பட்டியல் போடுகிற வேலை என்னிடம் வந்தது. முதல் பெயராகச் சித்தப்பாவைத்தான் எழுதினேன். மூன்று நாளாவது அந்தத் தூசியில் நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்பாவுக்குச் செய்ய முடியாததைச் செய்கிறேன் என்ற பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ஜன்னலுக்கு வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குங்க அம்மணி அதெல்லாம்? வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க" என்றார்.

"நீங்கதான் போறீங்க சித்தப்பா."

"வேண்டாமுங்க அம்மணி. கீழ உக்காந்தா எனக்கு முட்டி புடிச்சுக்கும்."

ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிச் சிரித்துக்கொண்டேன். "பேரு எழுதி, மேனேஜர் கையெழுத்தும் ஆயிப்போச்சுங்க" என்றேன். காப்பியைக் கையில் கொடுத்தாயிற்று.  அவர் "செரீங்க" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். தொண்டைக் கரகரப்புக்கு மில்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவரைத் திட்ட முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். வந்தவர்கள் பெயரையும் வகுப்பில் நடப்பதையும் எழுதிக்கொள்ள என்னைப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "உங்களுக்கு எப்பல்லாம் டென்ஷன் வருது? தயங்காம சொல்லுங்க" என்றார் அவர்.  விடாமல் கேட்டதும் ஸ்பின்னிங்கில் இருந்த ஒருவர் எழுந்து, "நீங்க இப்படிக் கேட்டா வருதுங்க சார்" என்றார். ஹாலே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு பயிற்சியாளர் ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். எட்டு வருடம் அந்த மில்லில் இருந்தும் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. அந்த அமைதியில் முதல் வரிசையிலிருந்து ஒரு செருமல் வந்தது. அடக்கிய செருமல். யார் என்று தெரிந்தது. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று மூன்று தடவை எழுந்து போனார். மூன்றாம் தடவை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்று இருமிக்கொண்டிருந்தார். துண்டை வாயில் திணித்துக்கொண்டு இருமினார். நின்றபாடில்லை. அப்பா கடைசி வருடம் இருமிய அதே இருமல். 

"எத்தனை நாளா சித்தப்பா?"

"அது ஆச்சுங்க அம்மணி நாலஞ்சு வருசம். மெசின் சத்தத்துல ஆருக்குக் கேக்குது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. எங்க பாப்பாவுக்கு டீச்சர் ட்ரெய்னிங் இன்னும் ஒரு வருசம் இருக்குது. அது முடிஞ்சுட்டா நானே நின்னுக்கறேன்."

காது கிழியும் சத்தத்துக்குள் அத்தனை வருடம் பத்திரமாக ஒளித்து வைத்திருந்ததை, நான் கையைப் பிடித்து இழுத்துவந்து அமைதியான ஹாலில், அதுவும் முதல் வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். அவர் வேண்டாமுங்க என்றது வேண்டாம் என்பதற்காகத்தான். எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அன்று சாயந்திரமே ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசரிடம் ஓடினேன். சித்தப்பாவுக்குக் கால் வலி, நாளைக்கு வேறு ஆளைப் போடலாமா என்று கேட்டேன். "நாளைக்கு மேனேஜர் வந்து பார்க்கறாரும்மா. பட்டியல்ல ஒரு பேர் மாறக் கூடாது" என்றார். மில் வாசலுக்குப் போய்ச் சித்தப்பாவைப் பிடித்து, நாளைக்கு லீவு போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டுப் போத்தனூர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் ஹாலுக்குப் போனால், முதல் வரிசையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க வந்தீங்க?" என்று குனிந்து காதோடு கேட்டேன்.

"நான் வராமப் போனா, பேரு எழுதுன உங்களைத்தானுங்க கேப்பாங்க" என்றார்.

மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னல் சாத்தினார்கள். ஃபேன் நின்றது. இழுங்கள், நிறுத்துங்கள் என்றார் பயிற்சியாளர். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண எண்ண, நான் சித்தப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வரை தாங்கியது. ஏழில் உடைந்தது. அப்படியே முன்னால் சரிந்து, ஜமுக்காளத்தில் கையை ஊன்றி, மூச்சுக்குத் தவித்து இருமினார். இருபத்துநாலு பேர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். எல்லோரும் மில்காரர்கள்; அது என்ன இருமல் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியாளர் ஓடிவந்து முதுகை நீவினார். தண்ணீர் கொடுத்தார். "எவ்வளவு காலமா இருக்கு? பயப்படாம சொல்லுங்க ஐயா" என்றார். அந்த மில்லில் சித்தப்பாவை ஐயா என்று அதற்கு முன் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அத்தனை மரியாதையாகக் கேட்பவரிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ரொம்ப நாளா இருக்குதுங்க சார்" என்றார். மேனேஜர் எழுந்து போனார்.

பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையில், இவருக்கு உடனடியாக மருத்துவப் பரிசோதனை தேவை என்று ஒரு வரி இருந்தது. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார். டைப் அடிக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பர்சனல் ஆபீசர் இரண்டையும் ஒத்துப் பார்த்து, "ஒரு வரி விட்டுப்போச்சேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுபடி அடித்தேன், அந்த வரியோடு.

மில் டாக்டர் பார்த்தார், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். வேறு டிபார்ட்மெண்டில் போடுங்கள் என்று கேட்கப் போன யூனியன்காரரிடம், "நாளைக்கு மில்லுனாலதான் வந்துச்சுன்னு கேஸ் போட்டா?" என்றாராம் மேனேஜர். பத்து நாளில் கடிதம் தயார் ஆனது. என் சொந்தக் காரணங்களை முன்னிட்டு நானே விருப்பத்துடன் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அவர் எழுதுவது போல நான் டைப் அடித்தேன். கையெழுத்துப் போட வந்தவர் படித்துப் பார்க்கவில்லை. "எழுத்து நல்லாப் பளிச்சுன்னு இருக்குதுங்க அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக்கூடக் கேட்காமல் அழுதுகொண்டு பாத்ரூமுக்குப் போனேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் போத்தனூருக்குப் போகத் தைரியம் வந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் நெஞ்சு கரகரத்தது. அவர் மனைவி, என் சின்னம்மா, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்கீங்க?" என்று கேட்டேன்.

"திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போகுதுங்க" என்றார். என்றைக்கும் கண்ணு என்று கூப்பிடுகிறவர் அன்று கூப்பிடவில்லை. பேச்சுக்குப் பேச்சு ஒரு ங்க போட்டார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றேன், பழக்கத்தில்.

"செரீங்க" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்கவில்லை.