நான் ஏற்காத ஒரு திருத்தம்

மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பது எனக்குப் பிடிக்கும். இதை நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்குமுன் வாசலில் கட்டியிருக்கும் பதாகையைத்தான் படிப்பேன். மரண அறிவித்தலில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் என் மனசு அங்கேயே நின்றுவிடும். இறந்தவருக்காக வருந்துவது அதற்குப் பிறகுதான். இப்படிப்பட்ட ஒருத்தியைக் கூப்பிட்டு, சம்பளமும் தந்து, நாள் முழுக்கப் பிழை பிடி என்று சொன்ன இடம் ஒன்று வெள்ளவத்தையில் இருந்தது. அது என் அதிர்ஷ்டம்.

கொழும்பிலிருந்து காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடி. வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம். சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் முதலாளி. அவருடைய கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால்தான் எந்தக் கடதாசிக்கும் மதிப்பு. அதற்கு முந்திய வேலை முழுவதையும் இரண்டு பேர் செய்தோம். ஒருத்தி நான். மற்றவர் எதிர்மேசைக்காரர்.

அவர் கொட்டாஞ்சேனை. தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறியவர்கள். என்னைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் என்னை "அக்கா" என்பார். சண்டை சூடானால் அது "டீச்சரக்கா" ஆகும். நான் அவரைத் "தம்பி" என்பேன். சண்டை சூடானால் "பண்டிதர்."

சண்டைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அவர் வேலைக்கு வந்த முதல் கிழமையே, "நேற்று நான் வெள்ளன வந்தனான்" என்று நான் எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தனானா? அது என்னக்கா, 'வந்தேன்'னு முடிக்க வேண்டியதுக்குப் பின்னால ஒரு பெட்டிய வேற கோத்துட்டு வர்றீங்க?"

"நீர் 'வந்தேங்க, போனேங்க' எண்டு ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் வால் கட்டுறீரே, அது எந்த இலக்கணத்தில கிடக்குது?"

"அது மரியாதைங்க."

"ஆருக்கு மரியாதை? வினைச்சொல்லுக்கா?"

அன்றைக்குத் தொடங்கியது. என் சிங்களம் அவருக்கு இன்னொரு விருந்து. கீழே தேங்காய் வாங்கப் போய் நான் சிங்களத்தில் விலை கேட்டால் சிங்களக் கடைக்கார அண்ணன் பாவப்பட்டுத் தமிழில் பதில் சொல்லுவார். எதிர்மேசைக்காரர் மூன்று மொழியிலும் அந்தந்த ஊர்க்காரர்போலப் பேசுவார். அது எனக்கு எரிச்சல். ஆனால் நீளமான வாக்கியம் ஒன்று ஆங்கிலத்தில் சிக்கிக்கொண்டால் என் பக்கம்தான் கடதாசியைத் தள்ளுவார். அது எனக்குப் பெருமை. இரண்டையும் நான் மறைத்ததில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கடதாசியும் ஒத்து வாசிக்காமல் வெளியே போகக்கூடாது. ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் மொழிபெயர்ப்பின்மேல் அடிமட்டக் கோலை வைத்து வரிக்கு வரி இறக்கிக்கொண்டு வருவார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்லவேண்டும். பிழை அகப்பட்டால் சுவர்க் கலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரு பென்சில் கோடு. தாளில் இரண்டு பத்தி. ஒன்றின் தலையில் வெள்ளவத்தையில் குடியிருக்கும் எனக்கு "வெ", மற்றதில் கொட்டாஞ்சேனைக்காரருக்கு "கொ". வாயால் விட்ட பிழைக்கும் கோடு உண்டு. வாடிக்கையாளர் கண்ணில் படும்வரை போன பிழை என்றால் பத்துக் கோடு. மாத முடிவில் கோடு கூடினவர் அடுத்த மாதம் முழுக்க இரண்டு பேருக்கும் பிளேன்டீ போடவேண்டும். அந்தப் பத்துக் கோட்டுச் சட்டம் நான் சொன்னது. அது ஒருநாளும் பாவிக்கப்படாது என்ற நம்பிக்கையில் சொன்னது.

நான் சொல்லப்போகிற மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக நானே விண்ணப்பிக்க முதலாளியின் சிபாரிசு தேவை. அது கிடைத்தால் ஒருநாள் என் கையெழுத்துக்கும் மதிப்பு வரும். பதினாலு வருஷம் வேறொருவருடைய முத்திரைக்குக் கீழே வேலை செய்தவளுக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை. முதலாளி நேர்மையான மனிதர், ஆனால் கறார். "மாதக் கடைசிவரை பார்ப்பம். ஒரு முறைப்பாடும் வராட்டி எழுதித் தாறன்" என்று சொல்லியிருந்தார். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது எதிர்மேசைக்காரருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம். இரண்டு வேலை முடிந்து மேசையில் கிடந்தது. ஒன்று கிருலப்பனையில் இருக்கும் ஓர் இளம் பெண்ணின் திருமணச் சான்றிதழ். கல்யாணம் முடித்த மூன்றாம் கிழமை புருஷன் வெளிநாடு திரும்பிவிட்டான். இரண்டு வருஷமாக இவள் காத்திருந்து, மறுநாள் காலை பத்தரைக்குக் கொள்ளுப்பிட்டியில் தூதரகத்தில் நேர்முகம். மற்றது கொலன்னாவைக்காரர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழ். இரண்டையும் ஒத்து வாசித்தாயிற்று. ஒரு பிழை இல்லை. முதலாளியின் முத்திரையும் விழுந்தாயிற்று. இனி மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கவரில் போடுவது மட்டும்தான்.

அப்போது எதிர்மேசைக்காரர் கதவில் தொங்கவிட ஓர் அட்டை எழுதி நிமிர்த்திப் பிடித்தார். "மதிய உணவுக்கு சென்றுள்ளோம்."

"ச் எங்கே?" என்றேன்.

பார்த்தார். முகம் சுருங்கியது. "உணவுக்குச் சென்றுள்ளோம்" என்று ஒற்றைச் செருகினார். "வை கோட்டை" என்று நான் சொல்ல, அவரே எழும்பிப்போய்க் கோடு வைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு அது போதவில்லை. "'உணவிற்கு' எண்டல்லோ எழுதவேணும். 'உணவுக்கு' எண்டால் கடையில மீன் வாங்கப் போறமாதிரிக் கிடக்குது" என்றேன்.

"அக்கா, சாப்பிடப் போறதுக்கு எதுக்கு வேட்டி சால்வையெல்லாம்? 'உணவுக்கு'ன்னா பசி தெரியுது. 'உணவிற்கு'ன்னா கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போற மாதிரி இருக்கு."

இரண்டும் சரி. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஆனாலும் அரைமணி நேரம் வாதாடினோம். சோற்றுப் பார்சல் ஆறிப்போனது. அந்த அரைமணி நேரத்தில் என் வாய் ஒரு பக்கமும் என் கை ஒரு பக்கமும் வேலை செய்தன. கடதாசிகளைத் தைத்து உறைகளில் போட்டது நான். எதிரே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர். இரண்டு கவரையும் ஒட்டி, மேலே ஊரின் பெயரை எழுதி வைத்தேன். பின்னேரம் வாடிக்கையாளர் இரண்டு பேரும் வந்து வாங்கிப்போனார்கள்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு நான் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"அன்ரி," என்றாள் கிருலப்பனைப் பெண். தூதரக வரிசையில் நின்று கவரைத் திறந்திருக்கிறாள். "இதுக்குள்ள வேற ஆரோ ஒரு ஆம்பிளையின்ர பேத் சேர்ட்டிபிகேற் கிடக்குது. என்ர மேரேஜ் சேர்ட்டிபிகேற் எங்க அன்ரி?"

எங்கே என்று எனக்குத் தெரியும். கொலன்னாவையில். எண்ணெய்ச் சேமிப்புத் தாங்கிகளுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில். அந்த மனிதருக்கு அழைத்தேன், கைப்பேசி நிறுத்தியிருந்தது. எதிர்மேசைக்காரருக்கு அழைத்தேன். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்.

வழக்கமாக நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அதில் மூன்று பிழை சொல்லுபவர், அன்றைக்கு ஒன்றையும் பிடிக்கவில்லை. நான் எழுவாயும் பயனிலையும் இல்லாமல் உளறினேன். "விலாசம் மட்டும் சொல்லுங்கக்கா" என்றார். "நீங்க போய் அந்தப் புள்ள பக்கத்துல நில்லுங்க. நான் எடுத்துட்டு வந்துர்றேன்."

அலுவலகத்தைப் பூட்டினேன். முதலாளி ஒன்பதரைக்கு வருவார். ஏதாவது தொங்கவிட வேண்டுமே என்று கைக்கு அகப்பட்ட அட்டையை மாட்டிவிட்டு ஓடினேன்.

கொள்ளுப்பிட்டியில் அவள் வரிசையை விட்டு விலகி மதிலோடு நின்றாள். நல்ல சேலை கட்டி, தலை வாரி, கண் மட்டும் கலங்கி. என்னைக் கண்டதும் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "இந்தத் திகதி விட்டால் இனி எப்ப தருவினமோ தெரியாது அன்ரி" என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கையிலிருந்த கடதாசியை வாங்கிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் கண் அதில் பிழை தேடியது. இல்லை. அருமையான மொழிபெயர்ப்பு. ஆள்தான் வேறு.

பத்துமணி ஆனது. பத்து ஐந்து. அவள் கையை நான் பிடித்தேனா, என் கையை அவள் பிடித்தாளா என்று தெரியாது. என் கடிதத்தைப் பற்றி நினைத்தேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை. அவளுக்காக ஒரு பாதி, எனக்காக ஒரு பாதி என்று பயந்தேன்.

பத்து பதினெட்டுக்கு ஓர் ஓட்டோ வந்து நின்றது. அவர் இறங்கவில்லை, குதித்தார். சட்டை முழுக்க வியர்வை. கொலன்னாவை மனிதர் கவரை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாராம். மனைவி சாவி தேட இருபது நிமிஷம். "ஓட்டோவுலயே முழுசா வாசிச்சுட்டேன்க்கா. சரியா இருக்கு" என்று கவரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் உள்ளே ஓடினாள்.

நாங்கள் மதிலோரம் நின்றோம். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, 'உணவிற்கு'ன்னே எழுதிடலாம். இனி நான் வாயத் தொறக்கல" என்றார். நான் சிரிக்கப்போய் அழுதுவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவள் வெளியே வந்த முகத்தைப் பார்த்ததும் காரியம் சரி என்று தெரிந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது முதலாளி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"காலமை ஒன்பதரைக்கு என்ன மதிய உணவு?" என்றார்.

சொல்லவேண்டி வந்தது. நடந்ததை நான் சொன்னேன், கவர் மாறியது என்பதுவரை. அவர் முகம் இறுகியது. "ஆர் கவரில போட்டது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"நான்தான் சேர்," என்றார் எதிர்மேசைக்காரர். "பேச்சு மும்முரத்துல மாறிப்போச்சு."

முதலாளி அவரை வைத்து வாங்கினார். பொறுப்பில்லை, வாய்தான் நீளம், இனி முத்திரை விழுந்த கடதாசியைத் தொடக்கூடாது என்று. கீழே கடைக்காரருக்கும் கேட்டிருக்கும். அவர் தலைகுனிந்து நின்றார். திறந்த என் வாய் மூடிக்கொண்டது. பதினாலு வருஷமாக அடுத்தவர் விட்ட ஒற்றைக்கூடச் சும்மா விடாதவள், என் முன்னால் சொல்லப்பட்ட அவ்வளவு பெரிய பிழையைத் திருத்தாமல் நின்றேன்.

முதலாளி போனபிறகு அவர் கலண்டர் தாளுக்குப் போய் "கொ" என்ற பத்தியில் பத்துக் கோடு போட்டார். நிதானமாக, ஐந்து ஐந்தாகக் கட்டி.

"தம்பி..." என்று தொடங்கினேன்.

"சீனி முடிஞ்சுருச்சுக்கா. நாளைக்கு வரும்போது வாங்கிட்டு வாங்க" என்றார்.

மாதக் கடைசியில் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் முழுக்க அவர் பிளேன்டீ போட்டார். நான் குடித்தேன். நல்லாய்த்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என் வாக்கியத்தில் ஒரு பிழையைப் பிடித்துப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

இப்போது என்னிடம் சொந்த முத்திரை இருக்கிறது. அதே காலி வீதியில், இன்னும் சின்னதாக ஓர் அறை. இரண்டு மேசை. எதிர்மேசையில் அதே ஆள். கலண்டர் தாளும் இருக்கிறது. ஒவ்வொரு முறை முத்திரையைக் குத்தும்போதும் அவருக்கு நன்றி சொல்கிறேன், மனசுக்குள். வாயால் சொன்னால் திருத்துவார்.

அதனால்தான் இதை எழுதினேன். எழுதி முடித்ததும் வழக்கப்படி அவரிடமே கொடுத்தேன், ஒத்து வாசிக்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பதால். நேற்று வீட்டுக்குக் கொண்டுபோனார். இன்று காலை என் மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொதிக்க வைக்கப் போனார்.

ஏழு இடத்தில் சிவப்பு மை. ஆறு இடத்தில் விடுபட்ட ஒற்று. ஏழாவது, "உறைகளில் போட்டது நான்" என்ற வாக்கியம். அதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் "தகவல் பிழை" என்று எழுதியிருக்கிறார்.

முதல் ஆறையும் ஏற்றுக்கொண்டேன். ஏழாவதை ஏற்கவில்லை. போட்டது நான்தான்.