எத்தனை முதல் மேடை

காலையில் பல் விளக்கி முடித்ததும் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பாட்டுப் பைத்தியங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ‘இதே நாளில்’ என்று பேசிப் பதிவு போட வேண்டும். இதே நாளில் இன்ன படத்தின் இசைத்தட்டு வந்தது, இன்ன பாடகர் பிறந்தார், இன்ன பாட்டு பதிவானது என்று எதையாவது தேடிப் பிடித்துச் சொல்வேன். நான் மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். படிப்பு குறைச்சல். ஆனால் தேதி தப்பக்கூடாது என்பதில் ஒரு பிடிவாதம். தப்பிவிட்டால் சும்மா விடவும் மாட்டார்கள். போடிக்காரர் ஒருவர், “ஏப்பா, நேத்து சாம்பாரை இன்னைக்குச் சூடு பண்ணி ஊத்துறியா?” என்று ஒரு தடவை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

போன வருஷம் மாசி முடிகிற சமயம், அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஒரு காலத்தில் அவர் பாடாத மேடை கிடையாது. கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்ததும் பாட்டை விட்டுவிட்டுத் தென்னந்தோப்பு, மாடு என்று ஆகிவிட்டவர்.

“அண்ணே, தொண்டையில கட்டின்னு மதுரையில ஆபரேஷன் பண்ணச் சொல்லிட்டாக. பெறகு குரல் மாறினாலும் மாறுமாம்” என்றார். தோப்பில் காய் எத்தனை விழுந்தது என்று சொல்கிற மாதிரியே சொன்னார். “நான் மொதமொதல்ல மேடையேறுன தேதியக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குப் பழைய ஆளுகளோட ஒருக்கா பாடிப்புட்டு, அதுக்குப் பெறகு போயிப் படுத்துக்கிறேன்.”

“என்னைக்குன்னு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா தாயி?”

“சித்திரைத் திருவிழாவுல, பூப்பல்லக்கு அன்னைக்குன்னு நெனைக்கேன். சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன்.”

வருஷம் மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வருஷம் கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவரை மேடையேற்றிய கச்சேரிக் குழுத் தலைவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் குழுவில் நிலையாக இருந்தது அவரும் இந்த அம்மாவும்தான். வாத்தியக்காரர்கள் அன்றைக்கு யார் கிடைக்கிறார்களோ அவர்கள். அதில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன்.

ஆர்மோனியம் வாசித்தவர் போடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். சர்ச்சில் வாசித்துப் பழகிய கை. “எப்படி மறக்கும்? பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு. மாதா கோயில்ல இருக்க வேண்டியவன் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல்ல போயி சினிமாப் பாட்டு வாசிச்சேன்னு எங்கப்பா செருப்பத் தூக்கிட்டு நின்னாரு. அந்தப் புள்ள நீலத் தாவணி கட்டியிருந்துச்சு. கையி நடுங்குது, மைக்கப் பிடிக்க முடியல. ‘இன்று முதன்முறையாக மேடையேறுகிறார்’னு தலைவரு சொன்னது இன்னும் காதுல கேக்குதுப்பா.”

சரி, பூப்பல்லக்கு இல்லை, பெரிய வெள்ளி. முடிந்தது என்று எழுந்தேன்.

தபேலாக்காரருக்கு உத்தமபாளையம் பக்கம் வயல். வரப்பில் நின்றபடியே, “ஏலே, அந்த ஜவுளிக்கடைக்காரன் கெடக்கான்!” என்றார். “மொத போக நெல்லுக்கு அணையில தண்ணி தெறந்த அன்னைக்கு. காலோட சேத்தக்கூடக் கழுவாம மேடையேறுனவன் நானு. நீலத் தாவணி, கை நடுங்குச்சு, ‘முதன்முறையாக’ன்னு தலைவரு சொன்னாரு. எல்லாம் நான் பாத்தது.”

எனக்குத் தலை சுற்றியது. பங்குனியில் ஒரு முதல் மேடை, சித்திரையில் ஒன்று, தண்ணீர் திறந்த ஆனியில் ஒன்று. தாவணி ஒன்று, நடுக்கம் ஒன்று, அறிவிப்பும் ஒன்று. நாள்தான் மூன்று. அதிலும் மூன்று பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்கிறவர் இல்லை. டீக்கடையில் இதைச் சொன்னபோது மாஸ்டர், “மூணு பேருக்கும் தனித்தனி கிளாஸ்ல ஊத்தியிருப்பாக” என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றப் போய்விட்டார். அது எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது என்றே நினைத்தேன்.

இதற்கு நடுவில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போன் பண்ணினார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “மச்சான், ஆனின்னு மட்டும் சொல்லிப்புடாதீக. அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் வர மாட்டா, அவ பிடிச்ச பிடி அப்படி. டாக்டரு தள்ளிப்போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. ஏதோ கிட்டத்துல வாற தேதியா ஒண்ணு சொல்லிவிடுங்களேன்.”

பெரிய வெள்ளி என்று சொன்னால் போதும், கிட்டத்தில்தான் வருகிறது. ஆனால் அது நிஜம்தானா? நிஜமில்லாத நாளில் அந்த அம்மா கடைசியாகப் பாடிவிட்டால்? ஆனி என்று சொல்லி, கட்டி பெரிதாகிவிட்டால்? இரண்டு நாள் குழுவில் ‘இதே நாளில்’ போடவில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

கடைசியில் சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் கொட்டினேன். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்க நீங்க! பண்ணைப்புரத்துல எங்க சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, அங்கன அந்தம்மா பாடுச்சு. முதன்முறைன்னாக. நான் கை வலிக்கத் தட்டுனேன். மறுவாரம் எங்க ஊருக்கு வந்தாக, அங்கனயும் முதன்முறைன்னாக. ஒரு ஆளு எத்தனை தடவைதான் முதல் தடவை பாடும்னு எங்கம்மாகிட்டயே கேட்டேன். ‘புதுப்புள்ளன்னாத்தான் சனம் கல்லெறியாது, சும்மா இரு’ன்னாக.”

அந்தத் தலைவர் அந்த வருஷம் முழுக்க, போன ஊரிலெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறார். சனம் இரங்கிக் கைதட்டும், சுருதி விலகினாலும் பொறுத்துக்கொள்ளும். ஊருக்கு ஒரு வாத்தியக்காரர்; அவரவர் கேட்டது அவரவருக்கு நிஜம். நானே எத்தனை மேடைக்கு மைக் கட்டியிருக்கிறேன், இது என் காதில் விழாமல் போனது எப்படி என்பதும் விளங்கவில்லை. ஆம்ப்ளிபயர் சூட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் அனுமந்தன்பட்டிக்குப் போய் நேரிலேயே சொன்னேன். அந்த அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைச் சாய்த்துப் பிடித்தபடியே கேட்டார்.

“ஆமாண்ணே, சொல்லுவாக. மறந்தே போச்சு பாருங்க. அவரு அப்படிச் சொன்னதும் எனக்குப் புதுசா நடுங்க ஆரம்பிச்சுரும். நேத்துப் பாடுனதெல்லாம் எங்க போகும்னே தெரியாது.” பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப, என்னைக்குத்தான் மொதல்ல பாடுனேன்?”

“தெரியல தாயி.”

வாளியைக் கீழே வைத்தார். “அப்ப வார ஞாயித்துக்கிழமையும் முதல் தடவைதான்னு நீங்களே சொல்லிருங்க. செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போயிருவோம்” என்றார். வீட்டுக்காரர் தென்னைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்.

ஞாயிறு காலை, அவர்கள் வீட்டுக் களத்தில் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஜவுளிக்கடைக்காரரும் தபேலாக்காரரும் வந்ததிலிருந்து பெரிய வெள்ளியா, தண்ணி திறந்த நாளா என்று சண்டை. நான் மைக்கைத் தட்டி, “இன்று முதன்முறையாக மேடையேறுகிறார்” என்றேன். அந்த அம்மாவின் கை நடுங்கியது. வேண்டுமென்று செய்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை. மைக்கைத் தாங்கியிலேயே விட்டுவிட்டுப் பாடினார். சுருதி இரண்டு இடத்தில் விலகியது. எல்லோரும் கைதட்டினோம். ஆபரேஷன் முடிந்து வந்ததும் அவரையும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டேன்; ஆனால் அவர் அதில் பேசியதே இல்லை.

அந்தத் தேதி இந்த வருஷம் திங்கட்கிழமையில் வந்தது. பல் விளக்கிவிட்டுப் போனை எடுத்தேன். “இதே நாளில், போன வருஷம், அனுமந்தன்பட்டியில் ஒரு பாடகி முதன்முறையாக மேடையேறினார்” என்று பேசிப் போட்டேன். போட்டது சரியா தப்பா என்று இப்போதும் தெரியாது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சின்னமனூர்க்காரர் ஒருவர் எழுதிவிட்டார்: ‘தவறு. அவர் முதலில் பாடியது எங்கள் ஊரில். நான் நேரில் கேட்டவன்.’

அவருக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. கனத்த, கரகரத்த குரல். இது யார் புதிதாக என்று யோசித்தேன்.

“அண்ணே, அவுக சொல்றதும் சரிதான். அதையும் சேத்துப் போட்டுக்கங்க.”

‘அண்ணே’ என்றதை இரண்டாம் முறை போட்டுக் கேட்ட பிறகுதான் யாரென்று பிடிபட்டது.