பனிக்குள் பின்தங்கிய குதிரை

இந்தக் குளிர்நாட்டில், இக்காஸ்ட் நகருக்கு அப்பால் ஒரு பந்தயத் திடல். இங்கே குதிரைகள் இரண்டு சக்கர வண்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. என்னை அழைத்து வந்த மன்னார்க்காரர் அருளப்பு இங்கு லாயத்தில் வேலை செய்கிறார். அவர் பராமரிக்கும் கறுப்புக் குதிரைதான் முன்னால் ஓடுகிறது.

எதிர்ப்பக்க வளைவில் எல்லா வண்டிகளும் பனிக்குள் மறைகின்றன. குளம்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. வெளியே வரும்போது கறுப்பி கடைசியில் வருகிறது.

வண்டியோட்டி இறங்கி ஏதோ சொல்கிறான். குதிரையும் அவனுடையதுதான்; அருளப்புவின் முதலாளி அவன்.

"களைச்சுப்போச்சாம்," என்கிறார் அருளப்பு. குதிரையின் கழுத்தைத் தடவுகிறார். வியர்வையே இல்லை. வாயோரம் கிழிந்து இரத்தம் கசிகிறது.

நடுவர் வந்து, குதிரை களைத்துவிட்டதா என்று அவரிடம் கேட்கிறார். முதலாளி சாட்டையைப் பிடித்தபடி கண் இமைக்காமல் பார்க்கிறான். அருளப்பு தலையை ஆட்டி மறுத்து, கடிவாளத்தைப் பின்னுக்கு இழுப்பதுபோல் கையால் காட்டுகிறார். நடுவர் குதிரையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, முதலாளியை அடுத்த ஓட்டத்திலிருந்து விலக்குகிறார்.

பஸ்ஸுக்கு நடக்கிறோம்.

"வேலை போயிட்டுது அண்ணை."

"பேசாமல் இருந்திருக்கலாமே?"

"அதால வாய் திறந்து சொல்லேலாதே."

பின்னால் குளம்பும் சக்கரமும் கேட்கின்றன. நாங்கள் நின்றால் நிற்கின்றன, நடந்தால் தொடர்கின்றன. ஒன்றும் தெரியவில்லை.

அருளப்பு திரும்பி, "கறுப்பி!" என்று கூப்பிடுகிறார்.

பனிக்குள்ளிருந்து கனைப்பு வருகிறது. உடனே ஒரு சாட்டையடி.