ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை

1. பதிவைப் புதுப்பிக்கும் சோதனைக்காக அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆர்.டி.ஓ. திடலுக்குக் கொண்டுபோனோம். அப்பா ஓட்டினார். நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

2. விளக்கு, ஹாரன், வைப்பர், ஸ்டீயரிங், பிரேக், ஹேண்ட்பிரேக் எல்லாம் தேறின. பிரேக் இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, "ஒக்க ஃபோட்டோ, சார்?" என்று தெலுங்கில் கேட்டார். வேலை முடியட்டும், நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா.

3. சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்க வேண்டும். எண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பூச்சுதான் இருந்தது. "நம்பர் கனபடட்லேது. ஜாக்கி பெட்டண்டி," என்றார் இன்ஸ்பெக்டர். எண் தெரியவில்லை, ஜாக்கி வையுங்கள் என்று அர்த்தம்.

4. பூச்சைச் சுரண்டுவதற்காக, கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்து நான் சுற்றினேன்.

5. ஜாக்கி ஏறியது. கார் ஏறவில்லை.

6. ஜாக்கியின் தலை தகட்டுக்குள் புதைந்துபோனது. பொரித்த அப்பளத்தை மிதித்தது போல ஒரு சத்தம். ஓட்டை வழியாகத் துருவும் ஈர மண்ணும் கொட்டின.

7. இன்ஸ்பெக்டர், சாலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படம் எடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்று சொல்வதற்கு அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சோதனைக்கு முந்தைய வருடம் அம்மா இறந்தார். அதன்பின் அப்பா வெளியே போனது ஞாயிறு காலை மட்டும்தான். காய்கறி போனில் சொன்னால் வருகிறது. மருந்தும் வருகிறது. வங்கி வேலையை நான் பார்க்கிறேன். பழைய அலுவலக நண்பர்கள் கூப்பிட்டால், முழங்கால் வலி என்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாச்சாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காலனியிலிருந்து அமீர்பேட் வரை போய், அம்மாவும் அவரும் எப்போதும் சாப்பிடும் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டு, எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வருவார். சிக்னலில் பைக்கில் நிற்கும் கோச்சிங் சென்டர் பையன்கள், "அங்கிள், ரேஸ்?" என்று கேட்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு காலைக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினார் என்று எனக்குத் தெரியும்.

பதிவு காலாவதியாகிவிட்டால் அதுவும் நின்றுவிடும். ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர் அப்பா. பதிவில்லாத வண்டியைத் தெருமுனை வரைகூட எடுக்க மாட்டார்.

நான் மெக்கானிக்கல் படித்தவள். நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எதையும் வரிசை போட்டுப் பார்ப்பது எனக்குத் தொழில், பழக்கம் இரண்டும். சோதனைக்குப் பல வாரங்கள் முன்பே, இந்த வகைக் கார்கள் எதிலெல்லாம் தோற்கும் என்று எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். கம்பி வீல்களில் ஆரக்கம்பி தளர்ந்திருக்கும். ஸ்பானரால் தட்டினால் இறுகிய கம்பி மணி போல ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று இருக்கும். முன்சக்கர மூட்டில் கிரீஸ் காய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். பிரேக் ஹோஸில் வெடிப்பு. ஹேண்ட்பிரேக் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கும். எர்த் சரியாக இல்லாததால் இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கும். ஓடாமல் நிற்பதால் டயர் பட்டன் தேயாமலே ரப்பர் கல்லாகியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், துரு என்று எழுதியிருந்தேன். இரும்புக் கூரையில்லாத காரில் கதவுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடும் பெட்டிச் சட்டங்கள் இரண்டும்தான் மொத்த உடலையும் தாங்குகின்றன. அவை அரித்துவிட்டால் கார் நடுவில் மடியும்.

அப்பாவின் காரில் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு, ஒரு விரல் கனத்துக்கு, எங்கும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. தட்டினால் திடமாகக் கேட்டது. சரி என்று குறித்தேன்.

அன்று இழுவை லாரியின் மேல் கார் ஏறியபோது அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். ஆட்டோவில் திரும்பும்போது, "ஒரு பக்கந்தானே அம்முணி, மாத்திரலாம்," என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து அவர் இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து என் வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வெளியே தெலுங்கும் ஹிந்தியும் பேசினாலும் வீட்டுக்குள் அவருடைய தமிழ் அப்படியேதான் இருக்கிறது.

"ஹவ்ப்பா. மாத்திரலாங்க," என்றேன். எனக்கு 'ஆமாம்' என்பதே இந்த ஊர் வழக்கில்தான் வரும்.

காரை நாச்சாரத்தில் ஒரு வெல்டிங் ஷெட்டில் இறக்கச் சொல்லியிருந்தேன். அங்கிருந்த பாய் பூச்சைச் சுரண்டி, கிரைண்டரால் சட்டத்தின் பக்கத்தை நீளமாக அறுத்தார். அறுத்த வாயிலிருந்து தண்ணீர் வந்தது. துளித்துளியாக அல்ல. குழாயைத் திறந்தது போல.

"அரே மேடம், காருக்குள்ளயே ஹுசைன் சாகர் ஏரி வெச்சிருக்காங்களா அங்கிள்?" என்றார் பாய், கிரைண்டரை நிறுத்திவிட்டு. "வெள்ளத்துல முழுகின வண்டியா?"

"இல்ல பாய். மழை நாளில் வெளியவே எடுக்க மாட்டார்."

"ஃபிர்? அப்புறம் தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். இந்தக் கார்களின் கதவும் துணிக்கூரையும் ஒருபோதும் முழுதாக மூடாது. கழுவும் தண்ணீர், சாரல், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டத்துக்குள் இறங்கத்தான் செய்யும். அது தெரிந்துதான், இறங்கிய தண்ணீர் வடிவதற்குச் சட்டத்தின் அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். வந்த தண்ணீர் ஏன் வெளியே போகவில்லை என்பதுதான் கேள்வி. மண்டியிட்டு, பூச்சைச் சுரண்டிக்கொண்டே போனேன். முதல் துளை கிடைத்தது. அதில் ஒரு ரப்பர் மூடி. மூடியைச் சுற்றி சீலன்ட் பசை, விரலால் வழித்து, ஓரம் பிசிறில்லாமல். அடுத்த துளையிலும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒன்றுகூட விடாமல் அடைத்திருந்தது.

அப்பா வேலை பார்த்தது பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில். கருவிகளை வைக்கும் பெட்டிகளுக்குள் ஈரம் நுழையாமல் அடைப்பதுதான் பணிக்காலம் முழுவதும் அவருடைய வேலை. அந்த மூடிகளைப் பார்த்ததும் எந்தக் கை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, போனில் எடுத்த படங்களை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி பெரிதாக்கினார்.

"இது நான் வெச்சது," என்றார்.

"எல்லாமேங்களா?"

"எல்லாமே." போனை மேசைமேல் வைத்தார். "ஆனா நானாப் பாக்கலை. உங்கம்மாதான் காமிச்சா. லைட்டப் புடிச்சுக்கிட்டுக் கூடவே வருவாளல்லோ. 'ஏனுங்க, இங்கொரு ஓட்டை இருக்குது, உட்டுட்டீங்களே'ம்பா. அவ கண்ணுக்கு ஒண்ணு தப்பாது."

எனக்கு அந்த ஞாயிறுகள் நினைவிருக்கின்றன. ஜூன் மழைக்கு முன் வருடத்துக்கு ஒருமுறை காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றி அடியில் பூச்சு அடிப்பார்கள். அப்பா கோணிச் சாக்கை விரித்து மல்லாந்து காருக்கடியில் நுழைவார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் விளக்கோடு பக்கத்தில் குந்துவார். அம்மாவுக்கு அந்தக் காரைப் பிடிக்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். "பால் கறக்காத மாட்டுக்கு இம்புட்டுத் தீனியா?" என்பார். "ரெண்டே சீட்டு. புள்ளைய எங்க உக்கார வெப்பீங்க, பானட் மேலயா?" என்பார். ஆனால் அந்த நாளில் மட்டும் அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. சமையலைக் காலையிலேயே முடித்துவிடுவார். நான் உள்ளே படித்துக்கொண்டிருப்பேன். வெளியிலிருந்து பேச்சு வந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குள் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசிக்கொள்ளாத இருவர், காருக்கு அடியிலும் பக்கத்திலுமாக இருந்துகொண்டு, ஊர் சமாச்சாரம், என் படிப்பு, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்று மாலை வரை பேசுவார்கள். அப்பா எதற்கோ சிரிக்க, பூச்சு அவர் முகத்தில் சொட்டும். "வாய மூடிக்கிட்டு அடிங்க," என்று அம்மா சொல்வது கேட்கும்.

"அது தண்ணி வடியறதுக்கு விட்ட ஓட்டைன்னு உங்களுக்குத் தோணலீங்களாப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பொட்டில ஓட்டை இருந்தா அடைக்கறதுதான் என்ற வேலை. அது எதுக்கு இருக்குதுன்னு யோசிக்கறது வேற ஆளோட வேலை." மேசைமேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஒரு வருசங்கூட உடலை. பழைய மூடிய எடுத்துட்டுப் புதுசு வெச்சோம். ரெண்டு பேரும் சேந்து எவ்வளவு சந்தோசமாக் கெடுத்திருக்கறோம் பாரு," என்றார்.

அவர் அழவில்லை. எழுந்து போய் மோட்டார் போட்டு, மேல் தொட்டி நிரம்பும் வரை பக்கத்திலேயே நின்றார்.

வேலை நீண்டது. ஒரே நேரத்தில் இரு பக்கமும் அறுத்தால் உடல் திருகிக்கொள்ளும். எனவே கதவு இடைவெளியில் இரும்புக் குழாயைக் குறுக்கே பற்றவைத்து, ஒரு பக்கம் முடித்த பின்தான் மறுபக்கம். இந்தக் காருக்கான தகடு எங்கும் கிடைக்காததால் பழைய வடிவைப் பார்த்து வளைக்க வேண்டியிருந்தது. இருக்கைப் பட்டை மாட்டும் இடமும் அரித்திருந்தது. நான் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில் தினமும் ஷெட்டுக்குப் போவேன். "டென்ஷன் நக்கோ, வேணாம் மேடம், உங்க காலேஜ் பரீட்சை இல்ல இது," என்பார் பாய். இடையில் பதிவு காலாவதியானது. மழைக்காலம் வந்து போயிற்று. அப்பா ஒருமுறைகூட ஷெட்டுக்கு வரவில்லை. நான் காட்டும் படங்களைப் பார்த்து, "நல்லாப் பண்றான்," என்பார்.

கடைசியில் துளைகள் எல்லாம் திறந்திருந்தன. சட்டத்துக்குள் மேலிருந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு துளையிலும் அது வெளியே வருவதைக் குனிந்து பார்த்தேன். சேசிஸ் எண்ணின் மேல் மெல்லிய எண்ணெய் மட்டும் தடவினோம்.

இரண்டாம் சோதனைக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். "நீயே போய்ட்டு வந்துரு சாமி," என்றார். இன்ஸ்பெக்டர் அதே ஆள். "சார் ராலேதா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். ஜாக்கியை அவரே வைத்துச் சுற்றினார். கார் எழும்பியது. பென்சில் பிரதியில் எண் முழுதாக விழுந்தது. தேறிவிட்டது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா வெளியே வந்தார். கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். "இப்பத்தான் நல்லா மூடுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த ஞாயிறு, சட்டையை நானே இஸ்திரி போட்டு வைத்தேன். வெயில் ஏறிவிட்டது என்றார். அடுத்த ஞாயிறு கழுத்துப் பிடிப்பு. அதற்கடுத்த முறை காரை வெளியே எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, "இட்லி தீந்துரும், வாங்கப்பா," என்று போய் நின்றேன். அவர் பேப்பரை மடித்தார்.

"நின்னு போச்சு அம்முணி. போய்க்கிட்டே இருந்திருந்தா போயிருப்பேன்."

"மறுபடி ஆரம்பிக்கலாங்ப்பா. நான் கூட வர்றேன்."

"முன்னெல்லாம் ஓட்டறப்ப அவ பக்கத்துல உக்காந்து வர்ற மாதிரி இருக்கும். இப்ப ஸ்டீயரிங்கப் புடிச்சாலே, கீழ குனிஞ்சு ஓட்டை தேடிக்கிட்டு இருக்கறவதான் ஞாபகத்துக்கு வர்றா. நான் அடைச்சுக்கிட்டே போறேன்." பேப்பரை மறுபடி விரித்தார். "நீ போய்ட்டு வா. சும்மா நின்னா பேட்டரி போயிரும்."

போய்விட்டு வந்தேன். அமீர்பேட்டுக்குப் போகவில்லை, பக்கத்தில் இருக்கும் தார்நாக்கா வரை போய்த் திரும்பினேன்.

இப்போது காருக்கு அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவு இருக்கிறது. காப்பீடு நடப்பில் இருக்கிறது. பிரேக் ஆயில் மாற்றியாகிவிட்டது. ஞாயிறுகளில் நான் அதை எடுக்கிறேன். அப்பா வீட்டில் இருக்கிறார். கடைசியாக அவர் வெளியே போனது பல் டாக்டரிடம், வாடகை டாக்சியில்.