ஊறப்போடாத புஷ்

பிள்ளைகளே, ஒருவரைத் தவிர யாரிடமும் சொல்லாத என் தப்பு ஒன்றை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பட்டறையின் பழைய டிரில்லிங் மெஷினுக்குள் சுழலும் தண்டைத் தாங்குகிற புஷ் இரண்டும் தேய்ந்துவிட்டன. மெஷின் கிடுகிடுவென ஆடியது. மார்க்கையன்கோட்டையிலிருந்து பஸ் ஏறித் தேனிக்குப் போய், ஒரு அக்கா நடத்தும் ஸ்பேர்ஸ் கடையில் புதிது வாங்கினேன்.

“ஒரு ராத்திரி எண்ணெயில ஊறப்போட்டு மாட்டுங்கண்ணே,” என்றார் அவர்.

“ஊறப்போட இதென்ன உளுந்தாக்கா?” என்று சிரித்துவிட்டு வந்து, அன்றே அப்படியே மாட்டினேன்.

மூன்றாம் நாள் மெஷின் புகைந்து இறுகி நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய், “டூப்ளிகேட் சாமானக் குடுத்து ஏமாத்துறீகளா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். சாமான் வாங்க நின்ற ஒருவர், கையில் எடுத்ததை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா மெஷினைக் கழற்றினார். புஷ்ஷைத் தடவிய விரலில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “ஊறப்போடலயாண்ணே? எண்ணெய் குடிச்ச புஷ்லதான் தண்டு சூடாகாமச் சுத்தும்,” என்றார்.

நான் தலைகுனிந்தேன். எண்ணெயில் கிடந்த வேறு இரண்டு புஷ்களை அவரே மாட்டிக் கொடுத்தார். தப்பு என்னுடையது என்று அங்கே நின்றவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுவாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். “அத விடுங்கண்ணே, மெஷின் ஓடுதுல்ல?” என்றார் அக்கா. ஆனால் அன்று திரும்பிப் போன மனிதர் யாரென்று அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கடையில் போலிச் சாமான்தான் விற்கிறார்கள் என்று அந்த மனிதர் இன்றும் நம்பிக்கொண்டிருப்பார். அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?