ஏலப்பாறைக் கம்பத்தில் பிடித்த பயம்

மின்கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்தபோது பனிமூட்டம் விலகியது. எனக்குப் பயம் வந்தது எப்போது என்று யாராவது கேட்டால் அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

எழுபதுகளின் நடுவில் நான் ஏலப்பாறைப் பக்கம் லைன்மேன். சொந்த ஊர் மலையாளத்துச் சித்தூருக்குக் கிழக்கே. வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான், நாற்பது வயது தாண்டும்வரை கம்பம் ஏறியதும் அங்கேதான். எங்கள் பக்கம் கம்பங்கள் நெல்வயலில் நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் சேறு தெரியும். விழுந்தால் துணி பாழாகுமே என்பதற்கு மேல் நான் யோசித்தது கிடையாது. மலையில் ஆள் போதவில்லை என்று என்னை மாற்றினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது மழைக்காலம். ஏலப்பாறையில் கம்பம் ரோட்டோரம் நிற்கும். ரோட்டைத் தாண்டினால் தரை இருக்காது. ஆனால் அந்தப் பள்ளத்தை எப்போதும் பனிமூட்டம் மூடியிருந்ததால், அப்படி ஒன்று இருப்பதையே நான் சரியாகக் கவனிக்கவில்லை.

1. இறங்காத கதை

அன்றைக்கு ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் லைனில் ஜம்பர், அதாவது கம்பியையும் கம்பியையும் இணைக்கும் துண்டு, அறுந்துவிட்டது. உள்ளே இலை வாடிக்கொண்டிருக்கிறது என்று எஸ்டேட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தார்கள். லைனை ஆஃப் செய்துவிட்டு, ஏணி வைத்து ஏறி, இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டு ஜம்பரைக் கட்டினேன். கடைசி போல்ட்டை முறுக்கும்போது காற்று வந்தது. மூட்டம் சுருண்டு போனது. கீழே பார்த்தேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் கீழே ஒரு ஓடை.

என் கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆடியது. ஸ்பானர் கையிலிருந்து போனது. அது விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன்.

கீழே நின்றவன் செல்லையா. அவனும் லைன்மேன், என்னைவிட இளையவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம்.

"அண்ணாச்சி, முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சுது."

"அப்பம் இறங்குங்க. லைன் போடணும்லா."

"நான் எறங்கல, செல்லையா."

"ஏன்?"

"இங்கயே இருந்துக்கலாம்னு இருக்குது."

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். கரண்ட் பிடித்துவிட்டது என்று ஒருத்தி முடிவு செய்து, என்னை அடித்துப் பிரிக்க நீளமான ஒரு கட்டையோடு ஏணியில் கால் வைத்தாள். செல்லையா அவளைத் தடுத்தான்.

"லைன் ஆஃப்லதான் இருக்கு."

"பெறகு எதுக்குக் கம்பத்தக் கட்டிக்கிட்டு நிக்காக?"

"அது அவுகளுக்கே தெரியல."

பாக்கியம் என்று ஒரு அம்மாள். எல்லாரையும்விட மூத்தவர். மழைக்குப் போர்த்தும் கருப்புக் கம்பளியை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டால் நான் குதித்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். எல்லாருக்கும் சம்மதம். யாருடைய கம்பளி என்பதில்தான் சண்டை.

"ஒங்க கம்பளிய விரிங்க. யோசனை சொன்னது நீங்கதான?"

"ஆள் கனத்த ஆளுடி. எங்கம்பளி தாங்காது."

இதற்குள் எஸ்டேட் மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. ஹாரனை மட்டும் அடித்தார். சத்தத்தில் நான் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் கழுத்தில் ஏதோ சில்லென்று நகர்ந்தது. அட்டை. புல்லில் நடந்து வந்தபோது ஏறியிருக்கும். அது கழுத்திலிருந்து மெல்லக் காதை நோக்கிக் கிளம்பியது. காதுக்குள் போன அட்டை திரும்பி வராது என்று வந்த புதிதிலேயே செல்லையா சொல்லியிருந்தான். ஒரு கையை எடுத்துப் பிடுங்கினேன். அது விரலில் ஒட்டிக்கொண்டது. மற்ற கையால் பிடுங்கினேன். அந்த விரலுக்கு மாறியது. உதறிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றியதும் ஏணியில் இறங்கியதும் எனக்கு நினைவில்லை. நிமிர்ந்தபோது ரோட்டில் நின்றுகொண்டு கையை உதறிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் அட்டையை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். "சின்னதுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

2. வீட்டில்

வயிறு காலியாக இருந்ததால் வந்த கிறுகிறுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் ஏணியில் பாதி ஏறினேன். அதே கால், அதே ஆட்டம். அதற்குப் பிறகு பயம் தன் எல்லையைக் கூட்டிக்கொண்டே போனது. பஸ்ஸில் பள்ளத்துப் பக்கம் ஜன்னலோரம் உட்கார முடியவில்லை. மலைப்பக்கம் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே கண்ணை மூடிக்கொள்வேன். கண்டக்டர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து ஒருமுறை இறக்கிவிட்டார்.

லீவில் ஊருக்குப் போனபோது என் மனைவி சரசா, பரணில் இருந்த அண்டாவை எடுத்துத் தரச் சொன்னாள். நாற்காலியில் ஏறி நின்றேன். அவ்வளவுதான். அவள் வந்து கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க, என்னாச்சுங்க உங்களுக்கு?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்று முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"யாரோ கண்ணு வெச்சுட்டாங்க. பழனிமலைக்கு வந்து முடி எறக்கறதா வேண்டிக்கிட்டனுங்க."

"மலை ஏறத்தான சரசா எனக்குப் பயம்?"

"அய்யோ, ஆமாங்க. அத நெனைக்கவே இல்லீங்களே."

அடிவாரத்திலேயே முடி இறக்கிக்கொள்ளலாம், மேலே அவள் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள் என்று முடிவானது. அப்படியே செய்தோம். மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பினேன். பயம் அப்படியே இருந்தது. தலைதான் குளிர்ந்தது.

3. கிறிஸ்துமஸ் வரை

இனி மறைக்க முடியாது என்று ஓவர்சியரிடம் போனேன். அவர் கோட்டயத்துக்காரர். கோபம் வந்தால் மலையாளம், இரக்கம் வந்தால் தமிழ். பெரும்பாலும் இரண்டும் கலந்து வரும்.

"எடோ பழனிச்சாமி, லைன்மேனுக்குப் பேடி வரலாமோ? மீனுக்கு வெள்ளத்தைக் கண்டா பேடி வருமோ?" பேடி என்றால் மலையாளத்தில் பயம், வெள்ளம் என்றால் தண்ணீர்.

"எனக்கு வந்துருச்சுங் சார்."

அவர் நெடுநேரம் என் மொட்டைத் தலையைப் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதினால் வேலைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள் எனக்கு.

"கிறிஸ்துமஸ் வரை செல்லையா ஏறட்டும். நீ கீழே நில்லு. அதுக்குள்ள பேடி போகலைன்னா நான் எழுதாம இருக்க முடியாது," என்றார்.

கீழே நிற்பது சுலபம் என்று நினைத்தேன். செல்லையா ஏறினால் எனக்கு வியர்த்தது. பெல்ட்டை இழுத்துப் பார்ப்பேன், ஏணியை ஆட்டிப் பார்ப்பேன். லைனை ஆஃப் செய்துவிட்டேன் என்று அவன் சொன்னாலும், சுவிட்ச் இருக்கும் இடத்துக்கு நானே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன். அண்ணாந்து பார்த்தாலும் தலை சுற்றும் என்பதால் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பது.

"அண்ணாச்சி, நீங்க வாரதுக்குள்ள நான் ரெண்டு கம்பம் முடிச்சிருவேன்," என்று செல்லையா நொந்துகொள்வான்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை. மலைச்சரிவில் ஒரு கம்பத்தில் இன்சுலேட்டர் உடைந்திருந்தது. தவறிக் கரண்ட் வந்தால் தரைக்கு இறக்கிவிடக் கம்பியில் மாட்டும் எர்த் ராடை வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். செல்லையா வளைவைத் தாண்டிப் போய் கம்பத்தின் மேல் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை இறக்கிப் பூட்டிவிட்டு வந்தான்.

"நான் வர்ற வரைக்கும் ஏறாத," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கைப்பிடி இறங்கித்தான் இருந்தது. பூட்டும் இருந்தது. மேலே மூட்டம். திரும்பியிருக்கலாம். ஆனால் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மூட்டம் கலைந்தபோது பார்த்தால், சுவிட்சின் மூன்று கத்திகளில் இரண்டு திறந்திருந்தன. மூன்றாவது திறக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியில் இன்னும் கரண்ட் இருக்கும்.

அந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நான் நினைத்ததில்லை. வளைவு திரும்பும்போது செல்லையா ஏணியில் நாலு படி ஏறியிருந்தான். எனக்கு மூச்சு வரவில்லை, குரலும் வரவில்லை. ஓடிய வேகத்தில் போய் அவன் காலைக் கட்டிக்கொண்டேன்.

"விடுங்க அண்ணாச்சி, விழுந்திருவேன்."

"எறங்கு. ஒண்ணு தொறக்கல."

இறங்கினான். நடந்துபோய் அவனே பார்த்துவிட்டு வந்தான். பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைக்கப் பார்த்தான். நாலு குச்சி அணைந்தது. நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன்.

பாதி பீடியில் சொன்னான். "அண்ணாச்சி, ஒங்களுக்கு இந்தப் பயம் போயிரக் கூடாது."

ஓவர்சியர் காதுக்கு அது போனது. கிறிஸ்துமஸ் வந்தது, அவர் வீட்டிலிருந்து கேக் வந்தது. பேடி போயிற்றா என்று அவர் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. பயம் வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கீழேயும் வேலை இருக்கிறது. நான் ரிட்டயர் ஆகும்வரை இருந்தது.