குறுக்கே ஆடிய தலை

சிங்கப்பூரில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பழைய ரூம்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார்: "ஜபருல்லா பாய் மௌத்தாயிட்டாங்க. லப்பைக்குடிக்காட்டுல இன்னிக்கு அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." எவ்வளவு பறந்தாலும் சாயங்காலத்து அசருக்குள் நான் போய்ச் சேர முடியாது. ஆனால் மூன்று வாரம் முன்பே போயிருக்க முடியும். ஏன் போகவில்லை என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜபருல்லா பாய் கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், அதனால் என்னைச் 'சேகரண்ணே' என்பார். பதினொரு வருடம் முன்பு திருமானூரிலிருந்து நான் போய் இறங்கியபோது, விடுதியில் எனக்குக் கிடைத்தது அவர் தலைக்கு மேலே இருந்த கட்டில். முப்பத்து நாலு வயதில் ஏணி பிடித்துப் படுக்கப் போவது எனக்குப் புது அனுபவம். அவர் குறட்டைக்கு அந்தக் கட்டிலே லேசாக அதிரும். வாசலில் எந்தச் செருப்பு கிடக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு போய்விடுவார், கேட்டால் கோபமும் வரும். இதையெல்லாம் மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

முதல் நாள் மதியம் சோறு ஊசிப்போயிருந்தது. விடியலில் வந்த பொட்டலம், நான் அப்படியே கட்டி வைத்திருந்தேன். "வந்ததும் முடிச்ச அவுத்து ஆற வுடுங்கண்ணே. சூட்டோட கட்டி வச்சா யாரு வூட்டுச் சோறா இருந்தாலும் ஊசத்தான் செய்யும்" என்று தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். முதல் ஞாயிறு வீட்டுக்குப் பேசும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் எழுந்துபோய் டிவி சத்தத்தை முழுக்கக் கூட்டினார். ரூமே அவரைத் திட்டியது. "எனக்குக் காது கேக்கலப்பா" என்றார். என் அழுகை அவரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் என் வேலைக்கே ஆபத்து வந்தது. புதிதாக வந்த சூப்பர்வைசர் சீனர். ஒவ்வொரு வேலையையும் காட்டிவிட்டு, செய்வாயா என்று கேட்பார். நான் பணிவாகத் தலையை ஆட்டுவேன், நம் ஊரில் 'சரிங்க' என்று பக்கவாட்டில் ஆட்டுவோமே, அப்படி. முகம் சிவந்து போய்விடுவார். ஏனென்று எனக்கு விளங்கவில்லை, இன்னும் பலமாக ஆட்டினேன். மூன்றாம் நாள், இவன் எதைச் சொன்னாலும் மாட்டேன் என்கிறான், ஊருக்கு அனுப்பு என்று ஆபீஸுக்கு போன் போட்டுவிட்டார். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு கிளம்பியவன் எந்த மூஞ்சியோடு திருமானூரில் பஸ்ஸை விட்டு இறங்குவது?

பாய் கையில் கம்பி முறுக்கும் கொக்கியோடு ஓடி வந்தார். சூப்பர்வைசர் முன்னால் நின்று தன் தலையைக் குறுக்கே ஆட்டிக் காட்டி, "பாஸ், திஸ் இந்தியா யெஸ்!" என்றார். அவர் நம்பவில்லை. பாய் பக்கத்தில் நின்ற தமிழாட்கள் நாலு பேரிடம், "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். நாலு தலையும் குறுக்கே ஆடின. சூப்பர்வைசர் சிரித்துவிட்டார், நான் தப்பித்தேன்.

அன்று சாயங்காலம் பாய் என் தாடையை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பழக்கினார். "அண்ணே, இங்க இருக்கற வரைக்கும் தலை நெட்டுக்குத்தான் போவணும். குறுக்க போச்சுன்னா நேரா ஏர்போர்ட்டு. ஊருக்குப் போனதும் நம்ம இஷ்டத்துக்கு ஆட்டிக்கலாம்." நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். அளவுக்கு மேலேயே கற்றுக்கொண்டேன்.

இரண்டு வருடம் முன்பு அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். இந்த வருடம் பக்கவாதம் வந்து, பேச்சும் போனது. மூன்று வாரம் முன்பு, அவர் மனைவி போனைப் பிடித்துக்கொள்ள, வீடியோவில் பார்த்தேன். தலையணையில் சாய்ந்திருந்தார், முகம் பாதியாகியிருந்தது. "லீவு போட்டுட்டு வரட்டுமா பாய்?" என்று கேட்டேன். என்னையே பார்த்தார். தலையை மெல்லக் குறுக்கே ஆட்டினார். வேண்டாம் என்கிறார், லீவு போட்டால் எனக்குச் சிரமம் என்று நினைக்கிறார், அவர் குணம் அதுதானே என்று எண்ணிக்கொண்டேன். "சரி பாய், ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி போனை வைத்தேன்.

மௌத்தான நாலாம் நாள் அரியலூரில் பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி இத்தாவில், கணவன் இறந்தபின் வெளியார் முன் வராத அந்த நாட்களில், இருந்ததால் உள்ளறையிலிருந்தே பேசினார்.

"ஏண்ணே, அப்பவே வந்துருக்கலாமே? வரட்டுமான்னு கேட்டீங்க, அவங்களும் சரின்னு தலைய ஆட்டுனாங்களே. நீங்க வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க. நாங்ககூட ரெண்டு நாள் வெளிக் கதவ சாத்தல."

பாய் ஊருக்குத் திரும்பிவிட்டார், அவர் தலையும் ஊருக்குத் திரும்பிவிட்டது. நான்தான் சிங்கப்பூர்க்காரனாகப் பார்த்திருக்கிறேன். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான். அதை நான் மறுப்பு என்று படித்துவிட்டேன்.

கபர்ஸ்தானில் மண் மேடு இன்னும் காயவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என்னை மன்னித்துவிடுங்கள் பாய் என்று சொல்லத்தான் போனேன், அழுகைதான் வந்தது. சத்தம் கூட்ட அங்கே டிவி இல்லை, அவரும் இல்லை.

கிளம்பும்போது, எந்த வீட்டு வாசலிலும் சொல்வதுபோல, "வரட்டுமா பாய்?" என்று கேட்டேன். பதினொரு வருடம் நெட்டுக்கே போய்ப் பழகிய என் தலை, எனக்குத் தெரியாமலே குறுக்கே ஆடியது.